வழியும் மருந்தே

மருத்துவத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களாகிய நாம் பேசும்போது பெரும்பாலும் இருவரையே நினைவில் கொள்கிறோம். ஒருவர் மருந்தைக் கண்டுபிடித்த அறிவியலாளர், மற்றவர் நோயுற்றவர். முன்னவரைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் எழுதப்படுகின்றன. பின்னவரைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் எழுதப்படுகின்றன. இருவருக்கும் இடையே கிடக்கும் தொலைவைப் பற்றி, அதாவது ஆய்வகத்தில் பிறந்த ஒரு மருந்து மனித உடலுக்குள் தான் சேரவேண்டிய இடத்தைச் சென்றடையும் வழியைப் பற்றி, எழுதுவோர் அரியர். அந்த வழியைப் பற்றியதே இக்கட்டுரை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மூச்சின் வழியே நுரையீரலுக்குள் செலுத்தும் முறை உருவான வரலாற்றை முன்வைத்து ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். மருந்து செல்லும் வழியும் மருந்தின் ஒரு பகுதியே. அந்த வழியில் நோயாளி செலவிடும் நேரமும் மருத்துவக் கணக்கில் ஏறவேண்டியதே.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பாடம் சொல்லும் எவரும் அதன் இறுதிப் பகுதியில் சற்று நிற்பர். மருத்துவம் என்பதை நான்கு கூறுகளாக வகுக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். மருந்தையும் அதைக் கொடுப்பவரையும் அவர் தனித்தனியே எண்ணியிருப்பது கவனத்திற்குரியது. அதற்கு முந்தைய குறளிலோ நோயாளியின் அளவு, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் சேர்த்து எண்ணச் சொல்கிறார். இக்கால மருத்துவத்தை வள்ளுவர் அன்றே அறிந்திருந்தார் என்று நிறுவும் வீண்முயற்சி நமக்கு வேண்டாம். கொடுக்கும் முறையும் காலமும் மருந்துக்குப் புறத்தே நிற்பவையல்ல என்னும் எளிய உண்மை நம் மரபுக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறோம்.

முதலில் நோயைப் பற்றி. நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் டாரதி ஆண்டர்சன் 1938இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். சத்துக்குறைவால் மெலிந்து இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்தபோது, அவர்களின் கணையம் நார்த்திசுவாலும் சிறு நீர்க்கட்டிகளாலும் சிதைந்திருந்ததைக் கண்டார். நோயின் பெயர் அக்காட்சியிலிருந்தே வந்தது. 1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கை வாட்டிய வெப்ப அலையில் இந்நோயுள்ள குழந்தைகள் மற்றவரைவிட எளிதில் நிலைகுலைந்தனர். அதன் காரணத்தைத் தேடிய பால் டி சான்ட் ஆக்னீஸ், இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953இல் நிறுவினார். முத்தமிடும்போது நெற்றி கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்னும் பழைய நம்பிக்கை ஒன்று ஐரோப்பிய நாட்டார் வழக்கில் உண்டு. தாய்மாரின் உதடுகள் அறிந்திருந்ததை ஆய்வகம் பல நூற்றாண்டுகள் கழித்து அறிந்துகொண்டது.

காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. லாப்-சீ சுய், ஜான் ரியர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் அதை அடையாளம் கண்டன. அம்மரபணு உருவாக்கும் புரதம், உயிரணுக்களின் மேற்பரப்பில் உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு வந்துபோகும் வாயிலாக இருக்கிறது. வாயில் பழுதானால் உப்பின் போக்கு தடைப்படும். உப்பைத் தொடர்ந்து செல்லும் நீரின் போக்கும் தடைப்படும். நுரையீரலின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலமாக இருக்க வேண்டிய சளி பசைபோல் இறுகிவிடுகிறது. நாம் உள்ளிழுக்கும் தூசியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்கள் அப்பசையில் சிக்கிச் செயலிழக்கின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால் மட்டுமே நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் நோயின்றி அதைச் சுமந்து செல்வார்.

இந்த நோயின் பெயரை ஒட்டி அமெரிக்காவில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இந்நோயுள்ள நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தாய் தொலைபேசியில் பலமுறை உச்சரித்த இப்பெயரைக் கேட்டு, அதை ‘சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்’, அதாவது அறுபத்தைந்து ரோஜாக்கள், என்று புரிந்துகொண்டானாம். 1960களின் நடுப்பகுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இதை அந்நாட்டு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை தன் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டது. மொழி பயில்வோர்க்கு இது நெஞ்சைத் தொடும் செய்திதான். ஆயினும் நோயை மலராக்கிக் காண்பதோடு இலக்கிய மனம் நிறைவடைந்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு. அக்காலத்தில் இந்நோயோடு பிறந்த குழந்தைகளுள் பள்ளி வயதைக் கடந்து நெடிது வாழ்ந்தோர் மிகச் சிலரே. பின்வந்த குழந்தைகளின் ஆயுளை நீட்டித்தவை உணவு, செரிமான நொதி மாத்திரை, நெஞ்சைத் தட்டிச் சளியை அகற்றும் பயிற்சி, நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே இங்கு நம் பொருள்.

இறுகிய சளியில் குடியேறும் கிருமிகளுள் கொடியது சூடோமோனாஸ் ஏருஜினோசா. செம்பில் ஏறும் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அதன் பசுநீல நிறத்தால் வந்தது. செம்பையும் களிம்பையும் உவமையாக்கிப் பிரிக்கவியலாமையைப் பேசிய சைவ சித்தாந்தத்தை அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். நுரையீரலுக்குள் புதிதாக நுழையும்போது இக்கிருமியை விரட்டிவிடலாம். நாளானால் அது தன்னைச் சுற்றிக் கோழைபோன்ற உறையைச் சுரந்துகொண்டு கூட்டமாக ஓர் உயிர்ப்படலத்துள் வாழத் தொடங்கும். அதன்பின் அதை முற்றாக நீக்குவது பெரும்பாலும் இயலாது. அடக்கி வைக்கத்தான் முடியும். ஆண்டுக்கு ஆண்டு நுரையீரலின் ஆற்றல் குறைவதற்கும், இறுதியில் உயிர் பிரிவதற்கும் முதன்மைக் காரணம் இந்தத் தொற்றும் அதனால் மூளும் அழற்சியுமே.

இக்கிருமியைக் கொல்லும் மருந்துகள் இல்லாமலில்லை. ஜென்டாமைசின், டோப்ராமைசின் முதலியவை 1960களிலிருந்தே அறியப்பட்டவை. ஆனால் இக்குடும்ப மருந்துகளை விழுங்கினால் குடல் அவற்றை ஏற்காது. ஆகவே ஊசிவழியே இரத்தத்தில் செலுத்த வேண்டும். இரத்தத்தில் செலுத்தினாலோ சளிக்குள் சிறிதளவே கசியும். சென்ற சிறிதளவையும் சளியிலுள்ள பொருள்கள் பற்றிக்கொண்டு அதன் வலிமையைக் குறைத்துவிடும். அந்தக் குறையை ஈடுசெய்ய அளவைக் கூட்டினால் சிறுநீரகமும் செவியும் பழுதாகும். மருந்து இருக்கிறது, நோய் இருக்கிறது, இரண்டும் சந்திக்க வழியில்லை. சந்திக்க வைக்கும் முயற்சியில் நோயாளி தன் கேட்கும் திறனைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்குள் அனுப்பிவிடலாமே என்று நமக்குத் தோன்றும். தடுமன் வந்தால் ஆவி பிடிக்கும் வழக்கமுள்ள மக்களுக்கு இவ்வெண்ணம் இயல்பானது. வேது பிடித்தல் என்று அதற்கொரு சொல்லே வைத்திருக்கிறோம். ஆனால் ஆவி வேறு, இது வேறு. வெந்நீரில் இத்தகைய மருந்தைக் கரைத்துக் கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகி மேலெழும். மருந்து சட்டியிலேயே தங்கிவிடும். மருந்து கரைந்த நீரையே மிக நுண்ணிய துளிகளாக உடைத்து மூடுபனிபோல் ஆக்கினால்தான் அது மூச்சோடு செல்லும். அந்த வேலையைச் செய்யும் கருவியே நெபுலைசர்.

அங்கும் சிக்கல் தீரவில்லை. நுரையீரல் என்பது வெளிப்பொருளை உள்ளே விடாதிருக்கவே அமைந்த உறுப்பு. மூக்கும் தொண்டை வளைவும் மேலும் மேலும் கிளைக்கும் குழாய்களும் ஒவ்வொன்றும் ஒரு காவல். ஐந்து மைக்ரானைவிடப் பெரிய துளிகள் தொண்டையிலேயே மோதித் தங்கிவிடும். ஒரு மைக்ரானைவிடச் சிறியவை பெரும்பாலும் எங்கும் படியாமல் வெளிவிடும் மூச்சோடு திரும்பிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையே மூச்சுக்கிளைகளுக்குள் சென்று படியும். மனிதத் தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்று சொன்னால் அதன் நுண்மை புலப்படும். மருந்தின் வேதியியலை எவ்வளவு அறிந்திருந்தாலும், இந்த அளவை எட்டும் துளியை உண்டாக்கத் தெரியாவிட்டால் அந்த அறிவால் பயனில்லை.

இம்முயற்சியின் தொடக்கம் பழையது. பெனிசிலின் பரவலாகிய காலத்திலேயே, 1946இல், டி சான்ட் ஆக்னீசும் ஆண்டர்சனும் அதைத் துளிப்படலமாக்கி இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கின்றனர். லண்டனின் பிராம்ப்டன் மருத்துவமனையில் மார்கரெட் ஹாட்சனும் உடன்பணியாற்றியோரும் கார்பெனிசிலினையும் ஜென்டாமைசினையும் இவ்வாறு கொடுத்து, நோயாளிகளின் நுரையீரல் ஆற்றல் மேம்படுவதை 1981இல் காட்டினர். லீட்ஸ் நகரிலும் கோபன்ஹேகனிலும் கோலிஸ்டின் என்னும் பழைய மருந்து பயன்பட்டது. எனினும் அந்நாள்களில் மருத்துவர் கையிலிருந்தவை ஊசிக்கென ஆக்கப்பட்ட கரைசல்களே. கெடாதிருக்க அவற்றில் ஃபீனால் போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். இரத்தம் பொறுத்துக்கொள்ளும் அவற்றை மூச்சுக்குழாய் பொறுப்பதில்லை. அது சுருங்கும், இருமல் எழும்.

மூச்சுக்கென்றே ஆன ஒரு கரைசலை உருவாக்கியது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்களின் பணி. ஆர்னால்டு ஸ்மித், பானி ராம்சே ஆகியோர் அதில் முன்னின்றனர். 1993இல் வெளியான அவர்களின் ஆய்வில் ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் டோப்ராமைசின் மூன்று வேளை கொடுக்கப்பட்டது. பின்னர் துளியின் அளவையும் கரைசலின் உப்பையும் அமிலத்தன்மையையும் ஒழுங்குசெய்து, காப்புப் பொருள்களை நீக்கி, ஐந்து மில்லிலிட்டரில் 300 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை என்று அமைத்தனர். 28 நாள் மருந்து, 28 நாள் ஓய்வு. கிருமி மருந்துக்குப் பழகிவிடாதிருக்க இந்த இடைவெளி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997 இறுதியில் இதற்கு ஒப்புதல் அளித்தது. 520 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 1999இல் வெளிவந்தன. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, மருந்து பெற்றவர்களிடம் இருபதாம் வாரத்தில் சராசரியாக 10 விழுக்காடு உயர்ந்திருந்தது. வெறும் கரைசலைப் பெற்றவர்களிடம் 2 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் வாதத்திற்கு இவற்றினும் முக்கியமான இரண்டு எண்கள் அதே ஆய்வில் உள்ளன. மருந்தை உள்ளிழுத்த பின் சளியில் அதன் செறிவு சராசரியாக ஒரு கிராமுக்கு 1237 மைக்ரோகிராம். இரத்தத்திலோ ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. வேண்டிய இடத்தில் ஆயிரம் மடங்கு, வேண்டாத இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. குரல் மாற்றமும் சிலருக்குத் தற்காலிகமாகக் காதில் இரைச்சலும் இருந்தன என்றாலும், சிறுநீரகமும் செவித்திறனும் காக்கப்பட்டன. அதே டோப்ராமைசின்தான், அணு ஒன்றுகூட மாறவில்லை. மாறியது வழி மட்டுமே. வழி மாறியதும் அது வேறொரு மருந்தாயிற்று. இதனினும் தெளிவான சான்று நம் கருத்துக்கு வேறில்லை.

இனி நேரத்தைப் பற்றி. நெபுலைசர் வழியே இம்மருந்தை உள்ளிழுக்க ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். இரைச்சலிடும் காற்றழுத்தக் கருவியின் முன் வாயில் குழாயைக் கவ்வியபடி அமர்ந்திருக்க வேண்டும். முடிந்தபின் கருவியின் பகுதிகளைக் கழற்றிக் கழுவி, கிருமிநீக்கம் செய்து உலர்த்த வேண்டும். இல்லையேல் கருவியே கிருமிக்கு வீடாகும். இத்தோடு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, சளியை இளக்கும் மருந்து, அடர் உப்புநீர், நெஞ்சுப் பயிற்சி, ஒவ்வொரு உணவோடும் நொதி மாத்திரைகள். அமெரிக்காவில் வளர்ந்த நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் சிகிச்சைக்கென்று நாளொன்றுக்குச் சராசரியாக 108 நிமிடம் செலவிடுவதாகக் கண்டது. ஒருநாள் இரண்டு நாளுக்கன்று, ஆயுள் முழுவதற்கும். பள்ளிக்குப் போகும் முன், வேலைக்குப் போகும் முன், திருமண நாளன்றும், தேர்வு நாளன்றும்.

2011இல் இங்கிலாந்தில் வெளியான மற்றோர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எப்போது இயக்கப்பட்டது என்பதைத் தானே பதிந்துகொள்ளும் நெபுலைசர்கள் நோயாளிகளுக்குத் தரப்பட்டன. பரிந்துரைத்ததில் எவ்வளவு எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்னதன் நடுநிலை அளவு 80 விழுக்காடு. கருவி பதிந்திருந்ததோ 36 விழுக்காடு. இந்த இடைவெளியைக் கண்டதும் நோயாளி பொய் சொல்கிறார் என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தை நோய்க்குக் கொடுக்குமாறு கேட்கப்படும் மனிதர், மீதி நேரத்தைத் தம் வாழ்வுக்கு மீட்டுக்கொள்கிறார். அதை ஒழுக்கக் குறைபாடாகக் காண்பது, வாழ்வின் பயனே மருந்து எடுத்துக்கொள்வதுதான் என்று சொல்வதற்கு ஒப்பாகும். உண்மையில் பொய்த்தது நோயாளியின் சொல்லன்று. ஒரு நாளில் இத்தனையும் அடங்கிவிடும் என்று எழுதப்பட்ட மருந்துச்சீட்டே.

இதை உணர்ந்தவர்களின் அடுத்த கட்ட முயற்சிகளைத்தான் நாம் பெரிதும் மதிக்கிறோம். 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற உள்ளிழுக்கும் அஸ்ட்ரியோனாம், நுண்துளைகள் கொண்ட தகடு அதிர்வதால் துளியை உண்டாக்கும் புதிய நெபுலைசரோடு வந்தது. நாளைக்கு மூன்று வேளை என்றாலும் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடமே. டோப்ராமைசினை உலர்தூளாக்கும் முயற்சியும் வென்றது. ஐரோப்பாவில் 2011இலும் அமெரிக்காவில் 2013இலும் அது ஒப்புதல் பெற்றது. ஒவ்வொரு தூள்மணியும் உள்ளே துளைகள் நிறைந்து பொரியைப்போல் எடையற்றது; ஆகவே காற்றில் மிதந்து உட்கிளைகள் வரை செல்கிறது. நான்கு குளிகைகள், மொத்தம் 112 மில்லிகிராம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு குழாய். மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், நெபுலைசரைக் கழுவும் வேலையும் வேண்டாம். கரைசலோடு ஒப்பிட்ட சோதனையில் பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; நேரம் மட்டும் சராசரியாக 20 நிமிடத்திலிருந்து 6 நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மருந்து மாதமும் ஓய்வு மாதமுமாக மாறிமாறி வந்தால் ஆண்டில் 182 நாள் மருந்து. நாளைக்கு 40 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 121 மணி நேரம். 12 நிமிடம் என்றால் 36 மணி நேரம். ஒரே ஒரு மருந்தின் வழியைச் செப்பனிட்டதால் ஒரு மனிதருக்கு ஆண்டுதோறும் 85 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. கழுவும் நேரம் இதில் சேரவில்லை. எந்தப் புதிய கிருமியும் இதனால் கொல்லப்படவில்லை, எந்தப் புதிய மூலக்கூறும் பிறக்கவில்லை. ஆகவே இது கண்டுபிடிப்பன்று, வெறும் வசதி என்று சொல்வோர் உண்டு. அந்த 85 மணி நேரத்தை வாழ்ந்து பார்ப்பவருக்கு அது வசதியன்று, வாழ்வு.

நேரம் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. எந்தக் கட்டத்தில் மருந்து போய்ச்சேர்கிறது என்பதும் வழியின் ஒரு பகுதிதான். கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில் 26 நோயாளிகளே இருந்தனர். கிருமி சளியில் தென்பட்ட உடனே 14 பேருக்கு மூன்று வாரம் கோலிஸ்டினை மூச்சிலும் சிப்ரோஃப்ளாக்சசினை வாயிலுமாகக் கொடுத்தனர். 12 பேருக்குக் கொடுக்கவில்லை. 27 மாதங்களில் கொடுக்கப்படாதவருள் 7 பேருக்குக் கிருமி நிலையாகக் குடியேறிற்று. கொடுக்கப்பட்டவருள் 2 பேருக்கே. களிம்பு ஏறும் முன்பே துலக்குவதன் பயனை இச்சிறிய ஆய்வு உணர்த்தியது. முதல் தொற்றைக் கண்டதுமே உள்ளிழுக்கும் மருந்தைத் தொடங்குவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது.

நம் கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைத் தவிர்க்க விரும்பவில்லை. பழைய மருந்துக்குப் புதிய உறை போட்டுக் காப்புரிமையை நீட்டித்துக்கொள்ளும் நிறுவனங்களின் உத்திக்கு இவ்வாதம் துணைபோகாதா என்பது முதலாவது. இதில் பாதி உண்மை உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட ஒரு மருந்து வழி மாறியதும் பன்மடங்கு விலையில் விற்கப்படுவதை நாம் ஏற்கவில்லை. ஆனால் விலையைக் குறை சொல்ல வேண்டிய இடத்தில் வழியைக் குறை சொல்வது பிழை. வழி மருந்தின் பகுதி என்று ஏற்றுக்கொண்டால்தான், மருந்தைப்போலவே வழியும் எல்லார்க்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு வரும்.

ஊசிமருந்தையே நெபுலைசரில் ஊற்றிக்கொண்டால் செலவு மிச்சமாகுமே என்பது இரண்டாவது. தக்க மருத்துவரின் கண்காணிப்பில் அப்படிச் செய்யப்படும் இடங்கள் உண்டு. ஆனால் 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை நினைவிற்கொள்ளத்தக்கது. முன்கூட்டியே நீரில் கலந்து வைக்கப்பட்ட கோலிஸ்டினை உள்ளிழுத்த நோயாளி ஒருவர் உயிரிழந்ததையடுத்து அது வெளியிடப்பட்டது. நீரில் கலந்து நாள்பட வைத்தால் அம்மருந்து நுரையீரலைத் தாக்கும் பொருளாகச் சிதையக்கூடும். எப்போது கலக்கிறோம் என்னும் சிறு வேறுபாடு மருந்தை நஞ்சாக்கிவிடலாம். வழி மருந்தாகும் என்றால் வழியே நஞ்சாகவும் கூடும். ஆகவேதான் அதைத் துணைவேலையாகக் கருதலாகாது என்கிறோம்.

தூள்மருந்து எல்லார்க்கும் பொருந்தவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அது கரைசலைவிட அதிகம் பேருக்கு இருமலை உண்டாக்கியது. சோதனையிலிருந்து விலகியோரும் அதில் அதிகம். ஒருவர்க்கு ஏற்ற வழி மற்றொருவர்க்கு ஏற்பதில்லை. நோயாளியின் அளவு என்று வள்ளுவர் முதலில் வைத்ததை இவ்விடத்தில் பொருத்திப் பார்க்கலாம். வழிகள் பலவாக இருக்க வேண்டும். தேர்வு நோயாளியோடு கலந்து செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது மறுப்பே வலியது. 2012இல் ஐவகாஃப்டரும், 2019இல் மூன்று மருந்துகளின் கூட்டான டிரைகாஃப்டாவும் வந்துவிட்டன. பழுதுபட்ட புரதத்தையே திருத்தி இயங்கச் செய்யும் மாத்திரைகள் இவை. பல்லாயிரவரின் வாழ்வை இவை மாற்றியிருக்கின்றன. நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தோர் சிலர் அந்தத் தேவையின்றியே எழுந்து நடக்கின்றனர். இனி மூடுபனியும் தூளும் எதற்கு என்று கேட்கப்படுகிறது. மூன்று விடைகள் உள்ளன. அமெரிக்காவிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவரின் மரபணுப் பழுதுக்கு இம்மாத்திரைகள் உதவுவதில்லை. ஏற்கெனவே புண்பட்ட நுரையீரல்களில் கிருமியின் எண்ணிக்கை குறைந்தாலும் பலரிடம் அது முற்றாக நீங்குவதில்லை. மேலும், வெளிவந்தபோது டிரைகாஃப்டாவின் பட்டியல் விலை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,11,000 டாலர். உலகின் மிகப் பல நோயாளிகளுக்கு அது இல்லாத மருந்துக்குச் சமம்.

நம் நாட்டோடு இதற்குள்ள தொடர்பு இவ்விடத்தில்தான் வருகிறது. இந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் வருவதில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வருகிறது என்பது 1960களின் இறுதியிலிருந்து இங்குப் பதிவாகியுள்ளது. அடிக்கடி நிமோனியா, தேறாத உடல், நீங்காத சளி என்று வரும் குழந்தைக்குக் காசநோயென்றோ சத்துக்குறைவென்றோ பெயர் சூட்டப்பட்டு, வியர்வைச் சோதனை நடவாமலே போவதும் உண்டு. ஐரோப்பியரிடம் மிகப் பரவலாக உள்ள மரபணுப் பழுது, இந்திய நோயாளிகளிடம் அதைவிடக் குறைந்த பங்கிலேயே காணப்படுகிறது. அப்பழுதை முதன்மையாகக் கருதியே உருவான விலைமிக்க மாத்திரை இங்குக் கைக்கு எட்டினாலும் எல்லார்க்கும் உதவும் என்பதில்லை. இத்தகையோரின் மூச்சு இன்னும் நெடுங்காலம் உள்ளிழுக்கும் மருந்தையே நம்பியிருக்கும். புதிய மாத்திரை வந்துவிட்டதென்று அவ்வழியைச் செப்பனிடும் பணி நின்றுவிட்டால், பின்தங்கியோர் மேலும் பின்தங்குவர். பணக்கார நாடுகளின் நோயாளிகள் கடந்து சென்றுவிட்ட பாதையாயினும் மற்றவர்கள் அதில் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றனர்.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. ஒரு மருந்தை மதிப்பிடுவோர் அது எத்தனை கிருமியைக் கொல்கிறது என்பதோடு, நாளில் எத்தனை நிமிடத்தைக் கொள்கிறது என்பதையும் கணக்கிட்டு மருந்தின் உறையிலேயே எழுத வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகள் புதிய மூலக்கூறுகளைத் தேடுவதோடு, பழைய மருந்துகளுக்குக் குறைந்த விலையில் நல்ல வழிகளை அமைக்கவும் பங்கு ஒதுக்க வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரிலும் குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் பயன்படும் வழி எதுவோ அதுவே சிறந்த வழி.

இலக்கியத்தாரிடமும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நோயைப் பற்றி எழுதும்போது நாம் துயரத்தின் உச்சங்களையே நாடுகிறோம்: நோய் வெளிப்படும் கணம், இறக்கும் கணம். இவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காலையும் கருவியின் இரைச்சலோடு கழியும் இருபது நிமிடங்கள் எழுதப்படாமலே போகின்றன. நாள்பட்ட நோயோடு வாழ்பவரின் வீரம் பெரிதும் அந்நிமிடங்களில்தான் இருக்கிறது. அவற்றைக் குறைக்க உழைத்த பொறியாளரின் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. அவற்றைப் பற்றியும் நம் மொழியில் எழுதப்பட வேண்டும் என்று விழைகிறோம். இக்கருத்தோடு உடன்படாத நண்பர்கள் மறுத்து எழுதினால் தொடர்ந்து பேசலாம்.